கண்டென்சரை மாட்டினால் மட்டும் போதாது

பம்பு செட்டுக்கு மின் இணைப்புக் கேட்டுப் போகும் விவசாயி வாங்கி வைக்க வேண்டிய சாமான்களில் கண்டென்சரும் ஒன்று. மோட்டாரை நாலு கடை ஏறி விசாரித்து வாங்குகிறோம். பைப்பைத் தட்டிப் பார்க்கிறோம். கண்டென்சரை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி, வயர்மேன் எங்கே ஆணி அடித்தாரோ அங்கே மாட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். இணைப்புக் கொடுக்க வருகிறவர் பெட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால் சரி. அது எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது, வேலை செய்கிறதா, ஆபத்தில்லாமல் இருக்கிறதா என்று அதன்பின் யாரும் கேட்பதில்லை. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பது என் கருத்து. தவறாக மாட்டிய கண்டென்சரைவிடக் கண்டென்சரே இல்லாத மோட்டார் மேல் என்றுகூடச் சொல்வேன்.

புத்தகத்தில் இதை மின்தேக்கி என்று எழுதுகிறோம். மின்வாரிய அலுவலகத்தில் கெப்பாசிட்டர் என்பார்கள். தோட்டத்தில் கண்டென்சர். மூன்றும் ஒன்றுதான். நான் தோட்டத்துப் பெயரையே வைத்துக் கொள்கிறேன்.

நான் மின்சாரப் பொறியாளன் அல்லன். விரிவாக்கத் துறையில் பணியாற்றுகிறவன். பயிரைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனால் பேச்சு எப்படியும் தண்ணீரில் வந்து நிற்கும். தண்ணீர் மோட்டார் அறையில் வந்து நிற்கும். அப்படித்தான் வேளாண் பொறியியல் நண்பர்களைத் துணைக்கு அழைத்துக் கொண்டு இதைக் கற்றுக் கொண்டேன்.

இதில் என் அக்கறைக்குக் காரணமான ஒரு சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமம். அறுபது வயதை நெருங்கிய விவசாயி. மூன்று ஏக்கர் தோட்டம், திறந்த கிணறு, 5 குதிரைத்திறன் மோட்டார். ஒரு நாள் மோட்டார் எடுக்கவில்லை. ஸ்டார்ட்டருக்குள் எறும்பு புகுந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். நம் ஊரில் ஸ்டார்ட்டர் கெடுவதற்குப் பாதிக் காரணம் எறும்பும் பல்லியும்தான். மெயின் சுவிட்சை முறையாக ஆப் செய்தார். மூடியைக் கழற்றினார். திருகாணிகள் மேல் அப்பியிருந்த மண்ணை விரலால் தள்ளினார். அடுத்த நொடி கை உதறிக் கொண்டு பின்னால் போய் விழுந்தார். மோட்டார் அறையின் வாசலுக்கும் கிணற்றின் விளிம்புக்கும் நான்கு அடி. கைப்பிடிச் சுவர் கிடையாது. வாசலில் மடித்து வைத்திருந்த தார்ப்பாய் மேல் விழுந்ததால் பிழைத்தார்.

நான் போய்ப் பார்த்தபோது அவர் கேட்டது இதுதான்: "ஏனுங்க, மெயினை ஆப் பண்ணிட்டுத்தானுங்க கை வெச்சேன். அப்புறம் கரண்ட் எங்கிருந்துங்க வந்துச்சு?"

நியாயமான கேள்வி. கரண்ட் கம்பியிலிருந்து வரவில்லை, கண்டென்சரிலிருந்து வந்தது. அவருடைய வயர்மேன் கண்டென்சரை மெயின் சுவிட்சுக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் இணைத்திருந்தார். மோட்டார் ஓடினாலும் நின்றாலும் அந்தப் பெட்டியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மெயினை ஆப் செய்தவுடன் அது தனித்து விடப்படுகிறது. ஒரு பக்கம் மெயின் திறந்திருக்கிறது, மறுபக்கம் ஸ்டார்ட்டர் திறந்திருக்கிறது. உள்ளே தேங்கியதற்கு வெளியேற வழி இல்லை. தேங்கிய மின்சாரத்தைச் சிறிது சிறிதாக வடிப்பதற்கென்று பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அவருடைய பெட்டியில் அது அறுந்து போயிருந்தது. 415 வோல்ட் என்று நாம் சொல்லும் மின்சாரத்தின் உச்சம் ஏறத்தாழ 587 வோல்ட். அந்த உச்சத்தில் சுவிட்ச் திறந்தால் கண்டென்சர் அதைத்தான் பிடித்து வைத்துக் கொள்ளும். சின்ன கண்டென்சரில் தேங்குவது அதிகமில்லை; பெரும்பாலும் ஆளைத் தூக்கி எறிவதோடு நின்றுவிடும். ஆனால் கிணற்றோரத்தில் தூக்கி எறியப்பட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்டென்சர் என்ன செய்கிறது?

எனக்குச் சிறு வயதில் எங்கள் ஊரில் கடைசிக் கவலை ஓடியதைப் பார்த்த நினைவு இருக்கிறது. மாடுகள் சரிவில் இறங்கும்போது பரி மேலே வருகிறது. பிறகு மாடுகள் பின்வாங்கி மேடேற வேண்டும். அந்தப் பின்நடையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வருவதில்லை. ஆனாலும் அது இல்லாமல் அடுத்த பரி இறங்காது.

மோட்டாரிலும் அப்படி ஒரு வெறும் நடை உண்டு. மோட்டாருக்குள் காந்தத்தை உண்டாக்கவென்று ஒரு பங்கு மின்னோட்டம் வருகிறது, திரும்புகிறது. தண்ணீரை இறைப்பது அது அல்ல. ஆனால் அது வந்து போகும் பாதை முழுவதும், டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசிக் கம்பம் வரை, கம்பியை அடைத்துக் கொள்கிறது, சூடாக்குகிறது, வோல்டேஜைக் குறைக்கிறது. கண்டென்சரை மோட்டார் பக்கத்தில் வைத்தால் இந்த வெறும் நடை மோட்டாருக்கும் பெட்டிக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. கம்பி இறைப்பு வேலைக்கான மின்னோட்டத்தை மட்டும் சுமந்தால் போதும்.

கணக்காகச் சொன்னால், 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று கண்டென்சர் இல்லாமல் முழுச் சுமையில் 7.8 ஆம்பியர் அளவில் இழுக்கும். சரியான கண்டென்சர் சேர்த்தால் 6.6 ஆம்பியர் அளவுக்கு இறங்கும். ஒரு ஆம்பியர்தானே என்று தோன்றும். ஒரு 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் இப்படிப் பன்னிரண்டு மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடுவதாக வைத்துக் கொள்வோம். அந்த டிரான்ஸ்பார்மர் தாங்குவது ஏறத்தாழ 84 ஆம்பியர். கண்டென்சர் இல்லையென்றால் 94 கேட்கும். எல்லாவற்றிலும் கண்டென்சர் இருந்தால் 79-க்குள் அடங்கும். டிரான்ஸ்பார்மர் எரிந்து, மாற்று வரும்வரை மிளகாய் வாடி நிற்பதற்கும் நிற்காததற்கும் வித்தியாசம் அந்த ஒரு ஆம்பியரில் இருக்கலாம். கம்பியில் வெப்பமாகப் போகும் சேதமும் கால் பங்குக்கு மேல் குறைகிறது.

"இலவச மின்சாரம்தானே, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். தமிழகத்தில் சிறு விவசாயிகளுக்கு 1984-லும், அனைத்து விவசாயிகளுக்கும் 1990-லும் பம்பு செட் மின்சாரம் கட்டணமில்லாமல் ஆனது. யூனிட்டுக்குப் பணம் இல்லை என்பது உண்மை. ஆனால் வோல்டேஜ் இலவசமாக வருவதில்லை. கடைசிக் கம்பத்து மோட்டார் 350 வோல்ட்டில் முனகிக் கொண்டு ஓடி, காயில் கருகினால் ரீவைண்டிங் செலவு நம் மடியிலிருந்துதான் போகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கண்டென்சர் மாட்டினால் மீட்டரில் யூனிட் பாதியாகும் என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. நம்ப வேண்டாம். மோட்டார் செய்யும் வேலைக்கான யூனிட் அப்படியேதான் ஓடும். கண்டென்சரால் குறைவது கம்பியின் சுமை. இந்த நன்மை பொது நன்மை என்பதுதான் இதில் உள்ள சிக்கலும். பன்னிரண்டு பேரில் ஒருவர் மட்டும் மாட்டினால் அவருக்கே வித்தியாசம் தெரியாது. பன்னிரண்டு பேரும் மாட்டினால் கடைசிக் கம்பத்துக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

எந்த அளவு?

நிமிடத்துக்கு 1,500 சுற்று வகை மோட்டார்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு: 5 குதிரைத்திறனுக்கு 2 கே.வி.ஏ.ஆர்., ஏழரைக்கு 3, பத்துக்கு 4, பதினைந்துக்கு 5. நிமிடத்துக்கு 3,000 சுற்று மோட்டாருக்கு ஏழரையிலிருந்து மேலே சற்றுக் குறைவு: ஏழரைக்கு இரண்டரை, பத்துக்கு 3, பதினைந்துக்கு 4. 440 வோல்ட்டுக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும்.

பெரியதாக வாங்கினால் நல்லதுதானே என்று நினைத்து 5 குதிரைத்திறனுக்கு 5 கே.வி.ஏ.ஆர். மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். உரத்தைப் போலத்தான் இதுவும்; அளவு மீறினால் கேடு. சுமையில்லாமல் ஓடும்போது மோட்டார் இழுக்கும் ஆம்பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கண்டென்சரின் ஆம்பியர் போகக்கூடாது. போனால், ஸ்டார்ட்டரை நிறுத்திய பிறகும் சுழன்று கொண்டிருக்கும் மோட்டார் கண்டென்சரின் துணையோடு தானே மின்சாரம் உற்பத்தி செய்யும். வோல்டேஜ் எகிறும், காயிலின் காப்பு பழுதாகும்.

புட்வால்வு சரியில்லாத பம்புகளில் இது இன்னும் விபரீதம். நிறுத்தியவுடன் பைப்பில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கும்போது பம்பைத் தலைகீழாகச் சுழற்றும். கண்டென்சர் பெரிதாகவும் சுழற்சி வேகமாகவும் இருந்தால், மெயின் ஆப்பில் இருக்கும்போதே மோட்டார் முனைகளில் மின்சாரம் இருக்க முடியும். ஆகவே மோட்டார் முழுவதும் நின்றதா என்று கண்ணால் பார்க்காமல் முனைகளில் கை வைக்கக் கூடாது. நீர்மூழ்கி மோட்டாராக இருந்தால் பார்க்க வழியில்லை. ஐந்து நிமிடம் பொறுப்பதே வழி.

எங்கே இணைப்பது?

கண்டென்சரை ஸ்டார்ட்டருக்கு அப்பால், மோட்டார் பக்கத்தில் இணைக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது கண்டென்சரும் ஓடும். மோட்டார் நின்றால் அதுவும் நிற்கும். நின்றவுடன் அதில் தேங்கியது மோட்டாரின் காயில் வழியாகவே நொடியில் வடிந்துவிடும். மேலே சொன்ன விவசாயியின் பெட்டி இப்படி இணைக்கப்பட்டிருந்தால், உள்ளே ரெசிஸ்டர் அறுந்திருந்தபோதும் அவர் விழுந்திருக்க மாட்டார்.

மோட்டார் பக்கத்தில் இணைக்கும்போது ஒரு விஷயத்தைப் பல வயர்மேன்கள் கவனிப்பதில்லை. ஸ்டார்ட்டருக்குள் ஓவர்லோடு ரிலே ஒன்று இருக்கிறது. மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தால் அதுதான் நிறுத்தும். கண்டென்சரை ரிலேக்கு அப்பால் இணைத்துவிட்டால், மோட்டார் 7.8 இழுக்கும்போது ரிலேயின் வழியாகப் போவது 6.6தான். ரிலே பழைய எண்ணிலேயே நின்றால், மோட்டார் வெந்து கொண்டிருக்கும்போது ரிலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக் கொண்டிருக்கும். "கண்டென்சர் மாட்டினேன், மோட்டார் எரிந்துவிட்டது" என்ற புகார்களில் சில இதனால் வருபவை. பழி கண்டென்சர் மேல் விழுகிறது. பெட்டியைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

இதற்கு வழி இரண்டு. காண்டாக்டருக்கும் ரிலேக்கும் நடுவில் கண்டென்சர் கம்பியைச் சேர்க்க இடம் இருந்தால் அங்கே சேர்க்கலாம். அப்போது ரிலேயின் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. இடம் இல்லையென்றால் ரிலேக்கு அப்பால் சேர்த்து, ரிலேயின் எண்ணைக் குறைக்க வேண்டும். 5 குதிரைத்திறனுக்கு, மோட்டாரின் பெயர்த் தகட்டில் உள்ள ஆம்பியரிலிருந்து ஒன்றேகால் அளவு குறைத்தால் சரியாக இருக்கும். பம்பு முழுத் தண்ணீர் தள்ளும்போது டாங் டெஸ்டரால் அளந்து பார்த்து வைப்பது இன்னும் நல்லது.

கண்டென்சருக்கென்று மூன்று தனிப் பியூஸ் வேண்டும், ஒவ்வொரு பேஸுக்கும் ஒன்று. 2 கே.வி.ஏ.ஆர். பெட்டி இழுப்பது இரண்டரை ஆம்பியர் சுமார். 6 ஆம்பியர் எச்.ஆர்.சி. பியூஸ் போதும். கட்டுக்கம்பியை மடித்துச் செருகுகிற பழக்கத்தை இங்கேயாவது விட்டுவிட வேண்டும். கண்டென்சர் கெடும்போது உள்ளே காற்று பெருகி, பெட்டி உப்பும். பியூஸ் சரியாக இருந்தால் அங்கே நின்றுவிடும். கட்டுக்கம்பியாக இருந்தால் வெடிக்கும். ஓலை வேய்ந்த மோட்டார் கொட்டகையில், பக்கத்தில் சோளத்தட்டுப் போர் இருக்கும் இடத்தில், அது வெறும் மோட்டார் நஷ்டமாக முடியாது.

கம்பி இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. முனையில் லக் வைத்து அழுத்தி, இறுக முடுக்க வேண்டும். முறுக்கி விட்ட கம்பி சில மாதத்தில் தளர்ந்து கருகும். பெட்டி உலோகமாக இருந்தால் அதற்கும் எர்த் அவசியம்; மோட்டாரின் எர்த் கம்பியோடு சேர்த்தால் போதும். அந்த எர்த் உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறதா என்றும் பார்க்கவும். வெயில் நேரே படாத, காற்றோட்டமான சுவரில் மாட்டவும். சூடு கண்டென்சரின் ஆயுளைத் தின்றுவிடும்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் இதை மோட்டாருக்கு நேராக இணைக்கக் கூடாது. ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் இடைவெளியில் கண்டென்சர் உள்ளே இருந்தால் மோட்டாருக்கு அதிர்ச்சி. டெல்டா வந்த பிறகே கண்டென்சர் சேரும்படி தனிக் காண்டாக்டர் வைக்க வேண்டும். இது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை, நம் வேலை அல்ல.

கை வைப்பதற்கு முன்

கண்டென்சர் சரியாக இணைக்கப்பட்டிருந்தாலும், அதன் பியூஸ் போயிருந்தால் அல்லது கம்பி கழன்றிருந்தால் அது மீண்டும் தனித்து நிற்கும். உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். ரெசிஸ்டர் நல்ல நிலையில் இருந்தால் மூன்று நிமிடத்தில் 75 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது தர நிர்ணயம். ரெசிஸ்டர் நல்ல நிலையில் இருக்கிறதா என்பது வெளியே தெரியாது. ஆகவே மெயினை ஆப் செய்து, மெயின் பியூஸ் கட்டைகளையும் உருவி மடியில் வைத்துக் கொண்டு, ஐந்து நிமிடம் காத்திருக்கவும்.

டெஸ்டர் எரியவில்லை என்று கை வைப்பது பெரிய தவறு. திருப்புளி டெஸ்டர் லைன் கம்பியைக் காட்டும். கண்டென்சரில் தேங்கியதைக் காட்டும் என்று நம்ப முடியாது. இரண்டு சாதாரண 230 வோல்ட் குண்டு பல்புகளைத் தொடராக இணைத்து, ரப்பர் உறை போட்ட கம்பியால் ஒன்றுக்கும் இரண்டுக்கும், இரண்டுக்கும் மூன்றுக்கும், மூன்றுக்கும் ஒன்றுக்கும் தொட்டு எடுக்கவும். தேங்கியிருந்தால் பல்பு ஒரு கணம் மின்னலாம், மின்னாவிட்டாலும் வடிந்துவிடும். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுகிற முறை வேண்டாம். கண்ணுக்கும் கேடு, கண்டென்சருக்கும் கேடு. கழற்றி வைத்த கண்டென்சரின் முனைகளை ஒரு கம்பியால் ஒன்றாகச் சுற்றிக் கட்டி வைக்கவும். பிள்ளைகள் எடுத்து விளையாடும் வீடுகளில் இது மிக அவசியம்.

இப்போது ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. கைப்பேசியிலேயே மோட்டாரைப் போடுகிறார்கள். வசதிதான். ஆனால் மின்சாரம் போய் இரண்டு நொடியில் திரும்பி வந்தால், ஆட்டோ உடனே மோட்டாரை எடுக்கக் கூடாது. குறைந்தது ஒரு நிமிடம், கூடினால் மூன்று நிமிடம் தாமதம் வைக்கவும். மோட்டாரில் வேலை செய்யும்போது மகனோ தம்பியோ ஊரிலிருந்து கைப்பேசியில் பொத்தானை அழுத்திவிடாதபடி, பியூஸ் கட்டை உங்கள் மடியில்தான் இருக்க வேண்டும்.

இருமுனை மின்சாரத்தில் மும்முனை மோட்டாரை ஓட்டுவதற்கென்று பெரிய கண்டென்சர் மாட்டுகிறார்களே, அது வேறு சங்கதி. நான் மேலே சொன்ன கண்டென்சர் அதற்கு உதவாது. அதற்கு மாட்டுவதை இதற்கு விட்டு வைக்கவும் கூடாது. பயிர் வாடும்போது ஒரு சிறு விவசாயி என்ன செய்வார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆயினும் மூன்று காயிலில் ஒன்று தன் பங்குக்கு மேல் சுமந்து வெந்து கொண்டே இருக்கிறது. டிரான்ஸ்பார்மரும் ஒரு பக்கம் சாய்ந்த சுமையைத் தாங்குகிறது. மூன்றாவது பேஸ் திடீரென்று வந்து, அந்தக் கண்டென்சர் உள்ளேயே இருந்துவிட்டால் மோட்டார் போயிற்று. விதிப்படியும் அது கூடாது.

சூரியசக்தி பம்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: கண்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் நடுவில் கண்டென்சர் எதையும் இணைக்கவே கூடாது, கண்ட்ரோலர் பழுதாகிவிடும்.

என் யோசனை

ஒவ்வொரு மோட்டாரிலும் எதற்கு, டிரான்ஸ்பார்மர் அடியில் மொத்தமாக ஒரு பெரிய கண்டென்சர் வரிசை வைத்துவிட்டால் போதாதா என்று படித்த இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். கண்டென்சரின் பயன் அது நிற்கும் இடத்திலிருந்து மின்சாரம் வரும் திசையில்தான் கிடைக்கும். டிரான்ஸ்பார்மரில் வைத்தால் டிரான்ஸ்பார்மருக்கு நிம்மதி. அங்கிருந்து கடைசிக் கம்பம் வரை ஓடும் கம்பிக்கு ஒன்றுமில்லை. நமக்கு வோல்டேஜ் குறைவது அந்தக் கம்பியில்தான். மேலும் மோட்டார்கள் எல்லாம் நின்ற நேரத்தில் பெரிய கண்டென்சர் சும்மா உள்ளே நின்றால் வோல்டேஜ் தேவையில்லாமல் உயரும். சுமைக்குத் தக்கபடி தானே சேர்ந்து விலகும் ஏற்பாடு வேண்டும். ஆலைகளில் அப்படி வைக்கிறார்கள், அதைப் பார்த்துக் கொள்ள ஆளும் வைத்திருக்கிறார்கள். நமக்கு மோட்டார் அறைக்கு ஒன்றுதான் பொருத்தம்.

ஆனால் அதைப் பார்த்துக் கொள்வது யார்? இங்கேதான் நம் அலுவலகங்கள் மீது எனக்கு வருத்தம், நான் பணியாற்றும் துறையையும் சேர்த்தே சொல்கிறேன். பூச்சி மருந்தின் மேல் மண்டை ஓடு படம் போடச் சொன்னோம். கண்டென்சர் பெட்டிக்குள் வரும் தாள் இன்னும் பல இடங்களில் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. எங்கே இணைக்க வேண்டும் என்ற ஒரு படம், ஐந்து நிமிடம் பொறு என்ற ஒரு வரி, ரிலேயைக் குறை என்ற ஒரு வரி, இவை தமிழில் பெட்டியின் மேலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இணைப்புக் கொடுக்க வருகிறவர் பெட்டியை எண்ணிவிட்டுப் போகாமல், அது ஸ்டார்ட்டருக்கு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்.

அலுவலகம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு டிரான்ஸ்பார்மருக்கு உட்பட்ட விவசாயிகள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால், டாங் டெஸ்டரோடு உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை ஒரு நாள் முழுவதற்கும் அழைக்கலாம். கூலியைப் பங்கிட்டால் ஆளுக்குப் பெரிய தொகை வராது. மோட்டாருக்கு அரை மணி நேர வேலை. கண்டென்சருக்குப் போகும் மூன்று கம்பியையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று சுழியமாக இருந்தால் பியூஸ் போயிருக்கும். பியூஸ் நன்றாக இருந்து ஆம்பியர் பாதிக்கும் கீழே என்றால் பெட்டி செத்துவிட்டது, மாற்ற வேண்டும். உப்பிய பெட்டியை அளக்கவே வேண்டாம், கழற்றிவிடலாம். ஸ்டார்ட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பதை அந்தப் பக்கம் மாற்றச் சொல்லுங்கள். கோடைக்கு முன், மாசி மாதத்தில் செய்தால் நல்லது.

பல்லடம் பக்கத்து விவசாயியின் தோட்டத்தில் இதைத்தான் செய்தோம். அவர் டிரான்ஸ்பார்மரில் மொத்தம் பதினொரு மோட்டார். நான்கில் கண்டென்சர் செத்திருந்தது, மூன்றில் கம்பியே கழற்றி விடப்பட்டிருந்தது. இரண்டு மெயின் பக்கத்தில் இருந்தன, ஒன்று இவருடையது. பெட்டியை மாற்றி, மோட்டார் பக்கம் இணைத்து, பியூஸ் போட்டு முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அவர் ஸ்டார்ட்டரின் ரிலேயை ஆறரையில் வைக்கச் சொல்லி, வைத்த எண்ணைக் கதவின் உள்பக்கம் சுண்ணாம்பால் எழுதிக் கொண்டார். மோட்டாரைப் போடும் முன் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க சார், அங்க கிணறுங்க" என்றார்.